ஆதாரம் இல்லாத எண்

"அந்த நுனி இல்லண்ணா, தையல் இருக்கிற நுனியப் பிடி" என்றாள் தாரணி.

லோகநாதன் தையல் இருந்த நுனியைத் தேடிப் பிடித்தான். வடவள்ளி வீட்டின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த போர்வையை அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள்.

"ரெண்டு பேரு இருக்கிற வீட்டுல எதுக்கு இத்தாம் பெரிய போர்வை? கப்பல் பாய் மாதிரி."

"நீ பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து துவைக்கிறயே, அதுக்குத்தான்."

"நான் வரலைன்னா இது கொடியிலயே மக்கிப் போகும்." அவள் தன் பக்கத்தை மடித்துக்கொண்டு அவனை நோக்கி நடந்து வந்தாள். கையில் இருந்த விளிம்பை வாங்கிக்கொண்டே கேட்டாள். "அண்ணா, ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். அந்தச் சூரியன் நெம்பரு இருக்குதல்ல, இருவத்தஞ்சு டிகிரி. அது நெசந்தானே?"

"ஏன் அம்மணி, திடீர்னு?"

"அங்க ஒரு பேச்சு வந்துச்சு. நீ சொல்லு."

"ஆதாரம் கீழயே எழுதியிருக்குதல்ல. படிச்சதில்லையா?"

"படிச்சேன். உன் வாயால கேக்கலாம்னு."

லோகநாதன் கீழே விழுந்திருந்த ஒரு கிளிப்பை எடுக்கக் குனிந்தான். "நெசந்தான்" என்றான், குனிந்தபடியே.

"அப்பச் சரி." போர்வையை மோவாயில் இடுக்கிக் கடைசி மடிப்பையும் மடித்தாள். "ரசத்துக்குப் புளி ஊறப் போட்டிருக்கேன். மறந்துட்டு வெறும் தயிர ஊத்தித் தின்னுட்டுப் படுத்துக்காதே."

ஐந்தரை மணி பஸ்ஸில் அவள் கிழக்குக் கரைக்குப் போனாள். பதினோராம் நாள் அவள் விமானம் கடலில் விழுந்தது.

தாரணி நிவாரண விமானி. நீரிணைக்கு அப்பால் இருந்த தீவுகளை முற்றுகைக்காரர்கள் வளைத்துப் போட்டு அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. கப்பல் போக வழியில்லை. அரிசியும் மருந்தும் வானத்திலிருந்து போட்டால்தான் உண்டு. அதற்குப் போன விமானங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்; அறுபது எழுபது வருடப் பழசு. புதியவை இருந்தும் பறக்க முடியாத காலம் அது. போரின் முதல் வாரத்திலேயே இரு தரப்பும் முடக்கி என்ற ஒன்றைக் கொண்டுவந்துவிட்டன. அதன் அலை பட்டால் சிப் உள்ள எதுவும் செத்துவிடும். விமானம், ஏவுகணை, கைபேசி எல்லாம் ஒன்றுதான் அதற்கு.

நிவாரண வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாரணிதான் இதை அவனுக்குச் சொன்னாள். "கம்ப்யூட்டர் வெச்ச ஏவுகணையெல்லாம் பாதி வழியில பேயறஞ்சாப்பல நின்னுருதுண்ணா. அதனால குடோன்ல கெடந்த பழசையெல்லாம் தூசி தட்டி எடுத்துட்டாங்க. சூட்டைத் தேடிப் போகுமே, அது. அதுக்கு மூளையே கெடையாதாமா. இல்லாததை எப்படி முடக்கறது?"

"மூளை இல்ல, கண்ணு உண்டு" என்றான் லோகநாதன். அவனுக்குத் தெரிந்த விஷயம், உற்சாகமாகச் சொன்னான். "மூக்குல ஒரு கண்ணாடி, உள்ள பொட்டு அளவுக்கு ஒரு துண்டு. சூடு பட்டா அதுல ஓடுற கரண்டு மாறும். அத வெச்சுத் திரும்பும். எஞ்சின் பொகை விடுற வாலைத்தான் பார்க்கும், எதுக்க வர்றதைப் பார்க்காது. மேகத்துல வெளிச்சம் பட்டாக்கூடக் கொழம்பும். எல்லாத்தையும் விடச் சூரியன். அதுக்கு விமானமும் சூடு, சூரியனும் சூடு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, பெருசுக்குப் பின்னால போயிரும்."

"எவ்வளவு பக்கத்துல?"

"அதைத்தான் நம்ம விளையாட்டுல வெச்சிருக்கேன்."

அந்த விளையாட்டின் பெயர் 'நீலக்கோடு'. பீளமேட்டில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் ஒன்பது பேர் சேர்ந்து செய்த போர் விமான விளையாட்டு. திரையில் அந்தக் காலத்து விமானங்களை ஓட்டலாம்; சூடு தேடும் ஏவுகணை இரையைக் கண்டதும் காதில் உறுமுவது வரை அதில் கேட்கும். இத்தனை விளையாட்டுகள் இருக்க அதை உலகம் முழுவதும் ஆட்கள் தேடி வந்ததற்கு ஒரே காரணம், அதில் எந்த எண்ணும் குத்துமதிப்பாக இருக்காது என்ற பேச்சு. இறக்கையின் எடையோ, ஏவுகணை திரும்பும் வேகமோ, ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆதாரம் இல்லாத எண்ணுக்கு அலுவலகத்தில் அநாதை என்று பெயர். அநாதைகளைப் பிடித்து வெளியே தள்ளுவது லோகநாதனின் வேலை. ஒருமுறை சக்கரத்தின் உராய்வுக்கு உத்தேசமாக ஓர் எண் போட்ட பெண்ணை அவன் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில், அவள் அடுத்த வாரமே வேலையை விட்டுப் போனாள்.

அப்படிப்பட்டவன்தான் இதைச் செய்தான்.

சூரியனுக்கு அவன் முதலில் போட்டிருந்த எண் எட்டு. பழைய கையேடு ஒன்றின் மங்கலான நகலிலிருந்து எடுத்தது. பின்னாலிருந்து வரும் ஏவுகணையின் கண்ணில், விமானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எட்டு டிகிரிக்குள் இருந்தால்தான் அது ஏமாறும். சோதனைக்கு ஆட வந்தவர்கள் தொடர்ந்து செத்தார்கள். கனமான விமானம் எடுத்தவர்களுக்கு விமோசனமே இல்லை. வசவு மழையாகக் கொட்டியது. முதலாளி கிரிதர், "ஒரு பட்டன் வெச்சுருவோம் லோகு. வேணுங்கறவங்க எளிதாக்கிக்கட்டும்" என்றார்.

"நாம என்னங்க பொம்மைக் கடையா நடத்தறோம்?" என்று லோகநாதன் மறுத்துவிட்டான்.

மறுத்தது வீம்பு. வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எட்டை இருபத்தைந்தாக மாற்றினான். கீழே ஆதாரம் எழுத வேண்டுமே. 'ஆயுதப் பிரிவில் பணியாற்றிய தொழில்நுட்பர் ஒருவருடன் நேர்காணல். பெயர் வெளியிட வேண்டாம் என்றார்' என்று எழுதினான். எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அவனும் சாப்பிடப் போனான்.

விளையாட்டு வெளியான இரண்டாம் மாதம் அதன் இணைய வாசகர் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் எஸ்தர் செல்வமணி, பாளையங்கோட்டை. 'இளவயதில் ஆய்வகத்தில் இந்த ஏவுகணைகளின் கண்களைச் சோதித்திருக்கிறேன். மேசையில் விளக்கு வைத்து நாங்கள் பார்த்தது எட்டு, சில நேரம் ஒன்பது. இருபத்தைந்துக்கு வாய்ப்பில்லை.'

'ஆதாரம் இருக்கிறதா அம்மா?' என்று லோகநாதன் பதில் போட்டான்.

'காகிதங்களை அங்கேயே எரித்துவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்ததுதான்.'

'கண்ணால் பார்த்ததெல்லாம் ஆதாரம் என்றால் எங்கள் தெரு ஜோசியரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.'

நானூறு பேருக்கு மேல் அதற்குச் சிரிப்பு அடையாளம் போட்டார்கள். அந்த அம்மாள் பிறகு எழுதவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது லோகநாதனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்புகளை அவன் இரண்டு முறை எண்ணியும் பார்த்தான்.

போர் வந்தபோது இதையெல்லாம் அவன் மறந்துவிடவில்லை. நிவாரண விமானிகளுக்கு இந்தப் பழைய ஏவுகணையைப் பற்றிச் சொல்லித்தர ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை. நிவாரண விமானத் தளத்தின் தலைவி கேப்டன் ஹமீதா தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க விளையாட்டுதான் சார் எங்களுக்குப் பாடப்புத்தகம். முடக்கி எட்டாத ஊர்ல கம்ப்யூட்டர் வெச்சுப் பழகறோம்" என்றபோது, சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அந்த வாரமே பத்திரிகைக்காரர்கள் வந்து அவனை மேசை முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். அடுத்தடுத்து இரண்டு பதிப்புகள் வந்தன. எண்ணைத் திருத்தினால் ஆதாரத்தையும் திருத்த வேண்டும். பெயர் வேண்டாம் என்ற மனிதர் எங்கே போனார் என்று யாராவது கேட்பார்கள். கை போகவில்லை.

தாரணியின் உடல் கிடைக்கவில்லை. கடலில் தேடப் போகவும் முடியாத இடம். படத்துக்கு மாலை போட்டு உட்கார்ந்திருந்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். கிரிதர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "நம்ம விளையாட்டுல பழகுனதாலதான் லோகு இத்தன நாள் தாக்குப் பிடிச்சுது. அதை நெனச்சு மனசைத் தேத்திக்கோ" என்றார். லோகநாதன் தலையாட்டினான். ஆமாம் என்பதுபோல் ஆட்டினான். ராத்தங்கிய உறவுக்காரர்கள் போன பிறகும் அந்தத் தலையாட்டல்தான் அவனைத் தின்றது.

இருபதாம் நாள் காலை தரைவழித் தொலைபேசி அடித்தது.

"லோகநாதன் தம்பியா? நான் எஸ்தர். பாளையங்கோட்டைலேருந்து பேசுதேன்."

அவன் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"இருக்கியளா?"

"இருக்கேன்மா."

"தங்கச்சி சேதிய பேப்பர்ல பாத்தேன். ரெண்டு வார்த்தை பேசணும்னு தோணிச்சு. வேற ஒண்ணுமில்ல. ஒழுங்கா சாப்பிடுதியளா?"

அவர் அந்த எண்ணைப் பற்றிப் பேசுவார் என்று அவன் காத்திருந்தான். அவர் பேசவில்லை. அவர் மகனும் ஒரு விபத்தில் போனவன்தான் என்றும், முதல் மாதம் உப்பு உறைப்பு தெரியாது என்றும், பிறகு தெரியும் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"நீங்க எழுதுனதுதாம்மா சரி. எட்டுத்தான்."

"அது எனக்குத் தெரியும்லா" என்றார் அவர். குரலில் சூடு இல்லை. "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே."

எதிர்ப்பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ அதை அடைத்தார்கள்.

"அப்போ அந்த டெக்னீசியன்?"

"அப்படி ஒருத்தரு இல்லைங்கம்மா. நானா எழுதுனது."

"அஞ்சு வருசமா அந்த ஆளு யாருன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன் தம்பி. எங்கூட வேலை பாத்தவங்க பன்னெண்டு பேரு. ஒவ்வொருத்தரையா நெனச்சுப் பாத்தேன். மாணிக்கவாசகம்னு ஒருத்தர். அவருக்குத்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லுத பழக்கம் உண்டு. அவராத்தான் இருக்கும்னு முடிவு பண்ணி அவரோட பேச்சையே விட்டுட்டேன். போன சித்திரைல செத்துப் போனாரு. நான் போகல."

லோகநாதன் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அங்க பறக்குத மத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிட்டியளா?"

"இல்லைங்க."

"அப்போ எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லிட்டு இருக்கிய? போனை வையுங்க."

அவன் அப்போதே அலுவலகத்துக்குப் போனான். கோப்பைத் திறந்து இருபத்தைந்தை அழித்து எட்டு என்று போட்டான். ஆதார வரியில், 'எஸ்தர் செல்வமணி, நேரில் சோதித்தவர். முன்பு இங்கே குறிப்பிட்டிருந்த தொழில்நுட்பர் என்று யாரும் இல்லை. அது பொய். எழுதியவன் லோகநாதன்' என்று எழுதி வெளியிட்டான். கிரிதரிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினான். முடக்கியால் கரைப் பக்கத்தில் இணையம் செத்துக் கிடந்தது. அங்கே நேரில்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

தளம் ஒரு பழைய உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கொட்டகையில் ஹமீதாவின் அறை. ஐம்பதைத் தொட்ட, வெயிலில் கறுத்த பெண்மணி. அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே சார். உட்காருங்க. தாரணியோட பெட்டி ஒண்ணு இங்க இருக்கு, நானே அனுப்பணும்னு இருந்தேன்."

"அதுக்கு வரலைங்க. எல்லாரும் இருக்காங்களா? ஒண்ணு சொல்லோணும்."

"முதல்ல எங்கிட்டச் சொல்லுங்க."

நின்றபடியே சொன்னான். வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. "சூரியனுக்கு நான் போட்ட இருவத்தஞ்சு தப்புங்க. எட்டுத்தான். இன்னைக்கே எல்லாருக்கும் சொல்லிருங்க" என்று மட்டும் வந்தது.

ஹமீதா அவனையே பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நீல உள்நாட்டுக் கடிதத்தை எடுத்து வைத்தார். கொஞ்சம் நடுங்கிய, பழைய பாணிக் கையெழுத்து. பாளையங்கோட்டை முத்திரை. தாரணி கடைசியாக ஊருக்கு வந்ததற்கு நான்கு நாள் முந்தைய தேதி.

"இந்தம்மா எழுதியிருந்தாங்க. எட்டுன்னு. வந்த அன்னிக்கே எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன். எங்களுக்கு எது சரின்னு தெரியாது. ஆனா எட்டுக்குள்ள வந்துட்டா இருபத்தஞ்சுக்குள்ளயும் வந்தாச்சு இல்லியா? அதனால அன்னியிலேருந்து எல்லாரும் எட்டுதான். உங்க விளையாட்டையும் நிறுத்தி வெச்சிட்டோம். உங்களுக்குச் சொல்லல. தங்கச்சியப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கறவர்கிட்ட எதுக்கு இதையும் சொல்லணும்னு விட்டுட்டேன்."

கடிதம் எழுதியதைப் பற்றி எஸ்தர் அவனிடம் மூச்சுகூட விடவில்லை.

"எல்லாரும்னா" என்றான் லோகநாதன். "தாரணி?"

"அவ மட்டும் லீவுல வீட்டுக்குப் போறேன், அண்ணன்கிட்டயே கேட்டுட்டு வர்றேன்னா. திரும்பி வந்து, 'கேட்டுட்டேன்க்கா, நெசந்தானாம், எங்கண்ணன் ஆதாரம் இல்லாம ஒரு நெம்பரு போடாது'ன்னா. 'சரிம்மா, இருந்தாலும் எட்டுன்னே வெச்சுக்கோயேன், நஷ்டம் என்ன'ன்னு கேட்டேன். சிரிச்சா. 'நானே அதை நம்பலைன்னா அப்புறம் எங்கண்ணனுக்கு எப்படி இருக்கும்'னு கேட்டா." ஹமீதா கடிதத்தை மடித்தார். "உங்களைக் குத்தம் சொல்றதுக்காகச் சொல்லல சார். அந்த டெக்னீசியன் ஏதோ ஞாபகப் பிசகுல சொல்லியிருப்பார். நீங்க என்ன பண்ணுவீங்க?"

இங்கே நிறுத்திக்கொள்ளலாம். யாருக்கும் ஆபத்து இல்லை, எல்லோரும் எட்டில் பறக்கிறார்கள், அவன் சொல்லித்தான் யாரும் பிழைக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தலையாட்டல் போதும். லோகநாதனுக்கு அது தெரிந்தது. கழுத்து அசையப் போவதுகூடத் தெரிந்தது.

"டெக்னீசியன்னு யாரும் இல்லைங்க" என்றான். "எட்டுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். விளையாட வர்றவங்க திட்டுறாங்கன்னு மாத்துனேன். ஆதாரத்தை நானா எழுதுனேன். தாரணி கேட்டப்பவும் நெசம்னுதான் சொன்னேன்."

வெளியே யாரோ சம்மட்டியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். ஹமீதா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து சன்னலருகே போய் நின்றார். திட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அதற்காக ஏங்கினான் என்றே சொல்ல வேண்டும். அவர் திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை. அறிமுகம் இல்லாத ஒருவரைப் பார்க்கும் முகமாக இருந்தது.

"அன்னிக்கு நான் இன்னொரு விமானத்துல பக்கத்துலதான் வந்தேன்" என்றார். "அரிசியப் போட்டுட்டுத் திரும்பி வர்றோம். மேற்கே பார்த்து, சூரியன் எதிர்ல. பின்னால ஒருத்தன் ஏவிட்டான். பொகை தெரிஞ்சது. நான் சூரியனுக்கு நேராத் திருப்பிட்டேன். அவளும் திருப்பினா. ரேடியோவில 'சூரியனுக்குள்ள வந்துட்டேன்க்கா, போதும்'னா. இன்னும் திருப்பு, இன்னும் திருப்புன்னேன். திசையைச் சொல்லி, 'இருவத்தஞ்சுக்குள்ளதான்க்கா இருக்கேன்'னா. அவ்வளவுதான்."

பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கையால் பிரதி எடுத்துக் கொடுத்தார். மாலை நான்கு ஐம்பத்திரண்டு. தாரணி கடைசியாகச் சொன்ன திசை.

"உங்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். டீ வரும். குடிச்சிட்டுப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க."

அதன் பிறகு அவர் அவனை ஒருமுறைகூட சார் என்று சொல்லவில்லை.

கோவைக்கு வந்தபோது வாசகர் பக்கம் நிரம்பியிருந்தது. சிலர் காறித் துப்பியிருந்தார்கள். அதைவிட அதிகம் பேர், துக்கத்தில் மனிதர் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார், பாவம், அவரை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும், எட்டு வைத்ததிலிருந்து ஐந்து நிமிடம்கூடத் தாக்குப் பிடிக்க முடியவில்லை, பழைய எண்ணையே திரும்ப வையுங்கள் என்று கேட்டிருந்தான். லோகநாதன் எதற்கும் பதில் எழுதவில்லை. வேலையை விட்டான். பாளையங்கோட்டைக்கு ஒரு கடிதம் எழுதினான். மாணிக்கவாசகத்தின் வீட்டு முகவரி கேட்டு. பதில் வந்தது. முகவரி மட்டும் இருந்தது.

அந்தப் பதிவேட்டுப் பக்கம் அவனிடம் இருக்கிறது. அந்தத் தேதிக்கு, அந்த நேரத்துக்கு, அந்தக் கடலுக்கு மேல் சூரியன் எங்கே நின்றது என்பதை எவரும் கணக்கிடலாம். தளத்திலிருந்து திரும்பிய பஸ்ஸிலேயே டிக்கெட்டின் பின்புறம் போட்டுப் பார்த்தான். அவள் சொன்ன திசைக்கும் சூரியனுக்கும் நடுவே எவ்வளவு என்று. இன்னும் ஆறு டிகிரி திருப்பியிருந்தால் போதும். காலடியில் இருக்கும் மிதியை இரண்டு மூன்று வினாடி கூடுதலாக அழுத்தும் வேலை. எரிபொருள் இருந்தது. கீழே வெறும் கடல். தடுக்க எதுவும் இல்லை.

இப்போதும் எப்போதாவது உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறான். நேரம் குறித்த ஹமீதாவின் கடிகாரம் ஒரு நிமிடம் முந்தி ஓடியதாக வைத்துப் பார்க்கிறான். ஒரு நிமிடம் பிந்தி ஓடியதாகவும் வைத்துப் பார்க்கிறான். பதினான்கு டிகிரிதான் வருகிறது.